பயிற்சி ரேஞ்சில் நேர், மைதானத்தில் கோணல்: கோல்ஃப் வீச்சின் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

சனிக்கிழமை காலை பிளைட்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) பந்தை நூல் பிடித்ததுபோல் அடித்தவர், ஞாயிற்றுக்கிழமை அதே மட்டையோடு மரத்தடியில் பந்து தேடுகிறார். ஓர் இரவில் யாருடைய வீச்சும் மாறிவிடாது. பந்தின் முன் நிற்கும் அந்தச் சில வினாடிகளில் கவனம் எங்கே இருந்தது என்பதுதான் பெரும்பாலும் மாறியிருக்கும். ஆனால் எல்லாப் பழியையும் மனத்தின் மேல் போடுவதும் தவறு. வியர்வையில் கிரிப்பு (மட்டையின் பிடியுறை) வழுக்கினால் எவ்வளவு மனப்பயிற்சி செய்தும் பயனில்லை.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வருகிறது, பணம் கேட்கும் காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். புது டிரைவர் (மிகத் தூரம் அடிக்கும் மட்டை) வாங்குவது கடைசிப் படி. கோலாலம்பூரில் பலர் அதையே முதல் படியாக்கிவிடுகிறார்கள். திசைகள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்குச் சொன்னவை.

## எதற்கும் முன்: வீச்சா, கவனமா என்று பிரித்துப் பார்ப்பது

இந்தச் சோதனைக்கு ரப்பர் பாய் உதவாது, புல் வேண்டும். பயிற்சிக்கு விட்ட புல்தரையில், அடிக்கும் திசைக்குக் குறுக்காகப் பவுடரால் நீளமாக ஒரு கோடு போடுங்கள். கோடு இரு கால்களுக்கும் நடுவே வரும்படி நின்று, 7-அயர்ன் மட்டையால் பந்தில்லாமல் ஐந்து முறை வீசுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் கோட்டோடு ஓரடி நகர்ந்துகொள்ளுங்கள். மட்டை புல்லை எங்கே தொடத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு அதே கோட்டின் மேல் பந்து வைத்து ஐந்து அடி.

வெற்று வீச்சு ஐந்தும் கோட்டிலோ, இலக்கின் பக்கமாக நான்கு விரல் தூரத்துக்குள்ளோ தொடுகிறது, பந்து வைத்ததும் தொடும் இடம் சிதறுகிறது என்றால் உங்களிடம் வீச்சு இருக்கிறது. பந்தைக் கண்டதும் கவனம் அதில் மாட்டிக்கொள்கிறது. கீழே உள்ள எல்லாம் உங்களுக்கானவை.

வெற்று வீச்சே கோட்டுக்குப் பின்னும் முன்னுமாகச் சிதறுகிறதா? நேராகப் பயிற்றுநரிடம் போங்கள். அடிப்படை இல்லாத இடத்தில் கவனப் பயிற்சி பிழையை இன்னும் உறுதியாகப் படிய வைத்துவிடும்.

இரண்டும் ஒரே இடத்தில் தொட்டும் பந்து மட்டும் வளைகிறதா? பந்தின் பின்பக்கத்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அடித்தால் மட்டை முகத்தில் அது ஒட்டும். புள்ளி ஹீல் (தண்டை ஒட்டிய) பக்கமோ டோ (வெளி முனை) பக்கமோ ஒட்டினால் நிற்கும் தூரத்தைச் சரிசெய்யுங்கள். நடுவில் ஒட்டியும் வளைந்தால், பாத நுனிகளை ஒட்டித் தரையில் ஒரு மட்டையைப் போட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள். தன் பாதம் இலக்குக்கு வெகுவாக வலப்பக்கம் பார்த்து நின்றதை அப்போதுதான் பலர் முதன்முறையாகக் காண்கிறார்கள்.

## அறிகுறி: ரேஞ்சில் நன்றாகப் போகிறது, மைதானத்தில் போவதில்லை

### பாய் பிழையை மறைக்கிறதா?

ரப்பர் பாயில், பந்துக்குப் பின்னால் தரையைத் தொட்டாலும் மட்டை வழுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடும். நம் மைதானங்களில் பரவியிருக்கும் அகல இலைக் கவ் கிராஸ் அப்படி விடாது, மட்டையைப் பிடித்து இழுக்கும். மடித்த சிறு துண்டு ஒன்றைப் பந்துக்குப் பின்னால் 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து அடியுங்கள். பத்து அடியில் இரண்டு முறைக்கு மேல் துண்டு நகர்ந்தால், ரேஞ்சில் நீங்கள் கண்ட நேர் அடி பாய் கொடுத்தது.

### ஒரே மட்டையில் ஐம்பது பந்தா?

மைதானத்தில் ஒரே மட்டையால் ஒரே இலக்குக்கு இரண்டு முறை அடிப்பதே அரிது. வாளிப் பந்தில் பாதியை வேண்டுமானால் அப்படி அடியுங்கள். மீதிப் பாதியில் உங்களுக்கு நன்கு தெரிந்த மைதானத்தை மனத்துக்குள் ஆடுங்கள்: முதல் குழிக்கு டிரைவர், அது வலப்பக்கம் போனால் அங்கிருந்து எந்த அயர்ன், பிறகு வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கு உயர எழுப்பும் மட்டை). ஒவ்வொரு பந்துக்கும் மட்டையும் இலக்கும் மாற வேண்டும். முதல் இரண்டு வாரம் ரேஞ்சிலேயே மோசமாக அடிப்பீர்கள். விட்டுவிடாதீர்கள், மைதானத்தில் வரும் தடுமாற்றத்தைத்தான் இங்கே பழகிக்கொண்டிருக்கிறீர்கள்.

### அடிக்கு முந்தைய ஒழுங்கு இல்லையா?

இந்த அறிகுறிக்கு இதுவே முக்கியக் காரணம். ரேஞ்சில் பத்து வினாடிக்கு ஒரு பந்து அடிக்கிறோம், உடம்பு தாளத்தில் இருக்கும். மைதானத்தில் இரண்டு அடிகளுக்கு நடுவே பல நிமிடங்கள் போகின்றன. அந்த இடைவெளியிலிருந்து உடம்பையும் மனத்தையும் ஒவ்வொரு முறையும் ஒரே வாசல் வழியாக உள்ளே கொண்டுவர ஓர் ஒழுங்கு வேண்டும். இதைச் சொல்லுக்குச் சொல் பழகுங்கள்:

1. பந்துக்குப் பின்னால் மூன்று எட்டுத் தள்ளி நின்று இலக்கைப் பாருங்கள். ‘ஃபேர்வே’ (குழிவரை வெட்டிவிட்ட புல்வழி) இலக்காகாது. அதன் பின்னால் நிற்கும் ஒரு மரத்தின் தண்டு, பங்கர் (மணற்குழி) விளிம்பில் ஒரு முனை என்று விரலால் சுட்டும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்.
2. அந்தக் கோட்டில், பந்துக்கு முன்னால் ஒரு மீட்டருக்குள் காய்ந்த இலையோ பழைய டிவட்டோ (மட்டை புல்லைப் பெயர்த்த தடம்) ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.
3. ஒரு வெற்று வீச்சு. இரண்டு வேண்டாம். முடித்ததும் மூக்கால் இழுத்து வாயால் நீளமாக ஒரு மூச்சு விடுங்கள். உள்ளே நான்கு எண்ணிக்கை என்றால் வெளியே ஆறு.
4. உள்ளே போய் முதலில் மட்டை முகத்தை அந்த இலைக்கு நேராக வையுங்கள், அதன் பிறகே பாதம். பலர் பாதத்தை முதலில் வைத்து மட்டையைப் பிறகு வளைக்கிறார்கள். தவறான திசையில் நின்றால் உடம்பு நடு வீச்சில் அதைத் திருத்தப் பார்க்கும். கோணல் அங்கேதான் பிறக்கிறது.
5. இலக்கை ஒருமுறை பார்த்து, பார்வை பந்துக்குத் திரும்பியதும் மூன்று வினாடிக்குள் வீச்சு தொடங்க வேண்டும்.

மொத்தம் 20 முதல் 25 வினாடி. விதிகள் ஓர் அடிக்கு 40 வினாடிக்குள் முடிக்கப் பரிந்துரைப்பதால் யாரும் உங்களுக்காகக் காத்திருக்க நேராது.

சரியாகப் படிந்ததா என்று பார்க்க, உடன் ஆடுபவரிடம் உங்கள் ஆறு அடிகளுக்கு நேரம் குறிக்கச் சொல்லுங்கள்; எந்த ஆறு என்பதை உங்களிடம் சொல்லாமல் அவரே தேர்ந்துகொள்ளட்டும். மிக நீண்டதற்கும் மிகக் குறுகியதற்கும் நான்கு வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒழுங்கு இன்னும் படியவில்லை. பெரும்பாலும் ஒரு கெட்ட அடிக்கு அடுத்த அடியில்தான் நேரம் குறைந்திருக்கும்.

### இவை எல்லாம் செய்தும் மாறவில்லையா?

நான்கு வாரம் இப்படிப் பயின்ற பிறகும் ரேஞ்சுக்கும் மைதானத்துக்கும் இடைவெளி குறையாவிட்டால் பி.ஜி.ஏ. (தொழில்முறை கோல்ஃப் வீரர் சங்கம்) தகுதி பெற்ற பயிற்றுநரிடம் மைதானப் பாடம் கேளுங்கள். ரேஞ்சுப் பாடம் இதற்கு வேண்டாம். உங்களோடு ஒன்பது குழி நடந்து பார்ப்பவருக்குத்தான் இந்தப் பிழை தெரியும்.

## அறிகுறி: முதல் டீயில் (முதல் அடி தொடங்கும் இடத்தில்) மட்டும் நடுக்கம்

முதல் காரணம் சாலை. கூட்டரசு நெடுஞ்சாலையிலோ பினாங்குப் பாலத்திலோ நெரிசலில் மாட்டி, காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே டீக்கு ஓடினால் நெஞ்சு படபடப்பதில் வியப்பில்லை. டீ நேரத்துக்கு 40 நிமிடம் முன்பே அங்கே இருங்கள்: பத்து நிமிடம் தோளையும் இடுப்பையும் தளர்த்த, பதினைந்து பந்து வெட்ஜில் தொடங்கி மேலே, கடைசியாக முதல் டீயில் எடுக்கப்போகும் மட்டையால் மூன்று, பிறகு ஐந்து நிமிடம் பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி).

அடுத்தது பிடி. பத்தில் நான்கு அளவு இறுக்கமே போதும். அடிக்கும் முன் மட்டையை ஒருமுறை முழு பலத்தோடு இறுக்கிப் பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள், நான்கு என்பது எவ்வளவு என்று கைக்கே தெரிந்துவிடும். மூன்றாவது, மட்டைத் தேர்வு. முதல் குழியில் டிரைவரைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பத்தில் எட்டு முறை ஃபேர்வேயில் விழும் ஹைபிரிட் மட்டை உங்களிடம் இருந்தால் அதையே எடுங்கள்.

## அறிகுறி: மட்டை மேலே போனதும் அவசரம், பந்து இடப்பக்கம் இழுக்கிறது அல்லது மண்ணோடு வருகிறது

தேர்ந்த ஆட்டக்காரர்களின் வீச்சில் மட்டை மேலே போகும் நேரம் கீழே வரும் நேரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. முழு வீச்சும் ஒரு வினாடியை ஒட்டியே முடிகிறது. அவசரம் என்று நாம் சொல்வது மொத்த வேகத்தை அல்ல, இந்த விகிதம் குலைவதைத்தான்.

நமக்கு இதைப் பழக எளிய கருவி ஒன்று உண்டு. ‘தகதிமி தா’ என்று ஒரே சீராகச் சொல்லுங்கள். ‘த’வில் மட்டை நகரத் தொடங்கும், ‘மி’யில் மேல் முனையைத் தொடும், ‘தா’வில் பந்து. த-க-தி-மி மூன்று இடைவெளி, மி-தா ஓர் இடைவெளி. மூன்றுக்கு ஒன்று தானாக வந்துவிடும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு முதலில் வெற்று வீச்சு, பிறகு பந்து. பரதமோ மிருதங்கமோ பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சீரான காலப்பிரமாணத்தைக் கையால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இதில் கூடுதல் நன்மை: வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனம் முழங்கையைப் பற்றி யோசிக்க இடம் இருக்காது.

அளந்து பார்க்க: போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பதிவுசெய்து படங்களை எண்ணுங்கள். மேலே போக 180, கீழே வர 60 என்ற அளவை ஒட்டி வந்தால் சரி. எண்ணிக்கை உங்களுக்குக் கூடலாம் குறையலாம், விகிதம் இரண்டரைக்குக் கீழே இறங்கினால் மேலே மட்டை முடியும் முன்பே இழுக்கிறீர்கள்.

விகிதம் எப்போது குலைகிறது என்று பாருங்கள். முன்னால் உள்ள பிளைட் மெதுவாகப் போய்ப் பத்து நிமிடம் நின்ற பிறகா? பக்கியில் (கோல்ஃப் வண்டியில்) உட்கார்ந்தே காத்திருக்காமல் இறங்கி நடந்து, இரண்டு வெற்று வீச்சு கூடுதலாகச் செய்யுங்கள். தண்ணீரைத் தாண்ட வேண்டிய இடத்திலா? ஒரு மட்டை பெரிதாக எடுத்து அதே தாளத்தில் அடியுங்கள். எப்போதுமே குலைகிறது என்றால் ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) உங்களுக்குப் பொருந்தாமல் கனமாகவோ விறைப்பாகவோ இருக்கலாம். அப்போது மட்டுமே மட்டைப் பொருத்தம் பார்ப்பவரிடம் பணம் செலவழிக்கலாம்.

## அறிகுறி: பன்னிரண்டு குழி வரை பொன், அதற்குப் பிறகு எதுவும் ஒட்டவில்லை

குளிர் நாட்டுப் பயிற்சி முறைகள் இதை மன உறுதிக் குறைவு என்று சொல்லிவிடும். நம் ஊரில் நண்பகல் வெப்பம் 32, 33 டிகிரி, காற்றில் ஈரம். இங்கே முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான் விழ வேண்டும்.

### தண்ணீரும் சாப்பாடும்

இரண்டு குழிக்கு ஒருமுறையாவது ஒரு கிளாஸ், தாகம் எடுக்கும் முன்பே. ஆட்டத்துக்கு முந்தைய இரவிலிருந்தே தொடங்குங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள். சட்டையில் உப்புப் பூக்கும் அளவுக்கு வியர்ப்பவர்களுக்குத் தண்ணீரோடு உப்பும் வேண்டும். 100 பிளஸ் பானம் ஒரு டின் உதவும். ரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது குழி முடிந்ததும் முழு நாசி லெமாக்கும் தே தாரிக்கும் சாப்பிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் கண் சொருகும். பாதியைச் சாப்பிட்டு, மீதிக்கு ஒரு வாழைப்பழத்தைப் பதின்மூன்றாவது குழிக்கு எடுத்துவையுங்கள்.

### கையுறையும் கிரிப்பும்

ஈரமான கையுறையில் மட்டை நழுவும் என்று கை பயப்படும், பயந்து இறுக்கும். இறுகிய கையோடு மணிக்கட்டு மடங்காது, பந்து வலப்பக்கம் ஓடும். மூன்று கையுறை வைத்து, மூன்று குழிக்கு ஒன்று என மாற்றி, கழற்றியதைப் பக்கியின் கம்பியில் காய விடுங்கள். பைக்குள் சுருட்டிப் போட்டால் காயாது, விறைத்துவிடும்.

கிரிப்புகளைப் பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ் கொண்டு மாதம் ஒருமுறை தேய்த்துக் காயவையுங்கள். கழுவிய பிறகும் கட்டைவிரல் படும் இடம் பளபளத்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வாரம் ஒருமுறை ஆடுபவர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நியாயம்.

### கவனத்தை நான்கு மணி நேரமும் எரியவிடுவது

தொண்ணூறு அடி அடிப்பவர் ஓர் அடிக்கு 25 வினாடி கவனம் கொடுத்தால் மொத்தம் நாற்பது நிமிடம்கூட ஆகாது. ஆட்டமோ நான்கரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பன்னிரண்டாவது குழியில் எண்ணெய் தீர்ந்துவிடும். கையுறையையே சுவிட்சாக்கிக்கொள்ளுங்கள். போட்டு ஒட்டியதும் கவனம் உள்ளே, அடித்துக் கழற்றியதும் வெளியே. வெளியே இருக்கும்போது பிள்ளையின் படிப்பு, நேற்றைய கறிக்குழம்பு, எதையும் பேசுங்கள். அடுத்த அடியை மட்டும் பேசாதீர்கள். கையுறையும் இதனால் காய்கிறது.

ஸ்கோரைக் குழிக்குக் குழி எழுதுங்கள், கூட்டாதீர்கள். ‘இன்னும் மூன்று பார் (குழிக்கு வகுத்த அடிக் கணக்கு) போட்டால் தொண்ணூறுக்குள்’ என்ற கணக்கு தொடங்கிய இடத்தில்தான் ஆட்டம் சரிகிறது.

### இடிக்குப் பிறகு

பிற்பகல் ஆட்டத்தில் சைரன் நீளமாக ஒலித்தால் அந்த அடியைக்கூட முடிக்காமல் நிறுத்த வேண்டும். சைரன் ஒலிக்காவிட்டாலும் மின்னலுக்கு அஞ்சி ஆட்டத்தை நிறுத்த விதி 5.7 உங்களுக்கு உரிமை தருகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும்போது உடம்பு ஆறிப்போயிருக்கும். பத்து வெற்று வீச்சு இல்லாமல் பந்தைத் தொடாதீர்கள்.

### எப்போது உதவி கேட்பது

தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது: ஆட்டம் முடிந்தது, நிழலுக்குப் போய் உடம்பை நனைத்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ 999ஐ அழையுங்கள்.

## அறிகுறி: ஒரு கெட்ட அடி, பின்னாலேயே மூன்று

முதலில் அது உண்மையிலேயே கெட்ட அடியா என்று பாருங்கள். பினாங்கின் புக்கிட் ஜம்புல் போன்ற மேடு பள்ளமான மைதானத்தில் பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போவது இயல்பு, தாழ்ந்திருந்தால் வலப்பக்கம். சரிவு செய்த வேலைக்கு வீச்சை மாற்றப் போனால் அடுத்த அடி நிச்சயம் கெடும்.

அடுத்த காரணம் உடன் வருபவர்களின் அன்பு. “அண்ணே, தலையைத் தூக்கிட்டீங்க” என்பார் ஒருவர். தலை தூக்குவது பெரும்பாலும் விளைவு. உடம்பு முன்பே எழுந்ததால் தலையும் எழுந்திருக்கும். தலையை அழுத்திப் பிடித்தால் தோள் திரும்பாது. “தம்பி, பதினெட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். மொத்த அடிகளைக் கணக்கிடும் போட்டியாக இருந்தால் கூட்டாளி அல்லாதவர் யோசனை சொல்வது விதி 10.2இன்படி அவருக்கே இரண்டு அடி தண்டனை, அதையும் அவருக்காக நினைவூட்டலாம்.

கோபத்தை அடக்க வேண்டாம், எல்லை போடுங்கள். அடித்த இடத்திலிருந்து பத்து எட்டு வரை வருந்தலாம். பத்தாவது எட்டில் மட்டையைப் பைக்குள் போடுகிறீர்கள், அது அங்கேயே முடிகிறது. தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். அதற்கு மேல் புதருக்குள் நிற்பது பந்தோடு மனத்தையும் தொலைப்பது.

மீட்பு அடியில் ஒரே கேள்வி: பத்தில் ஏழு முறை இதை என்னால் செய்ய முடியுமா? முடியாதென்றால் பக்கவாட்டில் ஃபேர்வேக்கு எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: பந்தின் மேல் நின்று உறைந்துபோவது

பந்தருகே மட்டையை வைத்து நின்று ஏழு எட்டு வினாடி ஆகியும் மட்டை நகரவில்லை என்றால் மனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளை ஓடுகிறது. வீடியோ பார்த்துக் கற்பவர்களுக்கு இது அதிகம். கீழ் வீச்சு கால் வினாடியில் முடிந்துவிடும்; அதற்குள் மூன்று திருத்தத்தைச் சொல்லிச் செய்ய வைக்க யாராலும் முடியாது. ஓர் ஆட்டத்துக்கு ஒரே எண்ணம், அதுவும் உடம்புக்கு வெளியே இருப்பதாக: ‘மட்டை அந்த இலை மேல் போகட்டும்’ என்பது வேலை செய்யும். ‘இடது முழங்கையை நீட்டு’ என்பது செய்யாது.

கட்டளை எதிர்மறையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘கோப்ரா’ என்று பெயரெடுத்த சௌஜானா கோல்ஃப் கிளப்பின் பாம் மைதானம் போன்ற இடங்களில் ‘தண்ணீரில் விழாதே’ என்று சொல்லிக்கொண்டே நின்றால் மனக்கண்ணில் இருப்பது தண்ணீர்தான். விழ வேண்டிய இடத்தைச் சொல்லுங்கள்.

உறைந்துவிட்டால் அப்படியே அடிக்காதீர்கள். பின்வாங்கி ஒழுங்கை முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

## அறிகுறி: மூன்றடித் தூரப் பட்டில் கை துள்ளுகிறது

புல்லை முதலில் பாருங்கள். குழியை நோக்கிப் பச்சை பளபளத்தால் புல் அந்தப் பக்கம் படிந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ப்புல், மெதுவாகும். குட்டையாக நின்ற பட்டுக்கெல்லாம் கையைப் பழிக்க வேண்டாம்.

பிறகு கண். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 1992இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் பட் செய்பவர்களின் பார்வை அடிக்கும் முன் பந்தில் அசையாமல் நிலைப்பதைக் கண்டார். பயிற்சி இப்படி: பந்தின் பின்பக்கத்தில் ஒரே ஒரு குழிவைத் தேர்ந்து இரண்டு மூன்று வினாடி பாருங்கள், அடியுங்கள், பந்து போன பிறகும் அது இருந்த இடத்திலேயே ஒரு கணம் பார்வையை விட்டுவையுங்கள். பந்து விழுந்ததைக் காதால் அறியுங்கள். நாளுக்கு இருபது, வீட்டு ஹாலில் போதும்.

அதற்கும் துள்ளினால் இந்தச் சோதனை: வலக்கை மட்டும், பிறகு இடக்கை மட்டும், பத்து பத்துப் பட். ஒரு கை மட்டும் துள்ளினால் அந்தக் கையின் வேலையைக் குறைக்கும் பிடிக்கு மாறுங்கள்; இடக்கையைக் கீழே வைக்கும் பிடி எளிய தொடக்கம். யிப்ஸ் (இப்படிக் கை தானே துள்ளும் கோளாறு) பலமுறை வந்தும் பிடியையும் பட்டரையும் மாற்றி மாற்றி ஆடிய ஜெர்மானிய ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் 1985, 1993 இரு ஆண்டுகளிலும் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். பிடி மாற்றம் அவமானமில்லை.

பந்தில்லாமல் வீசும்போதும் துள்ளுகிறதா, எழுதும்போதோ தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதோ அதே கை இழுக்கிறதா? இது பயிற்றுநர் தீர்க்கும் விஷயமில்லை. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், துள்ளுவதைக் காட்டும் போன் வீடியோவையும் எடுத்துப் போங்கள். பந்து இருக்கும்போது மட்டும், அதுவும் ஆட்கள் பார்க்கும்போது மட்டும் துள்ளினால் விளையாட்டு உளவியல் நிபுணர் போதும். எத்தனை அடி தூரத்தில், யார் முன்னிலையில், எந்தக் குழியில் துள்ளியது என்று ஐந்து ஆட்டக் குறிப்பு எழுதிக்கொண்டு போனால் முதல் சந்திப்பிலேயே வேலை தொடங்கிவிடும்.